கால் ஆள்

அவர் எடுத்த படங்களில் ஆள் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அவருடைய படக்கடையை மூடியபோது பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தவன் நான். முப்பத்தொரு பெட்டி. எனக்கு எதையும் எண்ணாமல் கட்ட வராது. எண்ணாமல் கட்டினால் நித்திரை வராது. உள்ளே இருந்த படங்களையும் புரட்டிப் பார்த்தேன். கோபுரம் இருந்தால் கோபுரத்துக்கு முன்னால் ஒருவர். கார் இருந்தால் கதவைப் பிடித்தபடி ஒருவர். பனி கொட்டிய நாளில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் வெறும் வெள்ளைத் தெரு இருப்பதாக நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். தெருமுனையில் குடையோடு நான் நின்றேன்.

"ஆள் இல்லாட்டில் அது படமில்லை, அண்ணை. சுவர்" என்பார்.

பாரிசின் லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில், நகைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் இருந்தது அந்தக் கடை. முன்னால் இரண்டு கதிரை. பின்னால் மூன்று திரைச்சீலை: ஒன்றில் ரோசாத் தோட்டம், ஒன்றில் நீல வானம், ஒன்றில் ஈபிள் கோபுரம். நான் எதிரே ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாம் மாடியில் எனக்கு ஓர் அறை. லிப்ட் எந்த நேரமும் நின்றுவிடும் என்ற பயத்தில் காலையில் இறங்கினால் மாலையில்தான் ஏறுவேன். இடைப்பட்ட நேரத்துக்கு அந்த இரண்டு கதிரைகளில் ஒன்று என்னுடையது. வாடிக்கையாளர் இருவர் சேர்ந்து வந்தால் எழுந்து நிற்பேன். அவர் என்னைவிட இளையவர், ஆனால் என் நரம்புத் தளர்ச்சியும் இரத்த அழுத்தமும் அவருக்கு இல்லாதபடியால் இன்னும் இளையவராகத் தெரிந்தார்.

நாள் முழுக்க அந்தக் கடையில் இரண்டு சொற்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். அசையாதேங்கோ. சிரிக்காதேங்கோ. கடவுச்சீட்டுக்கும் கார்த் து செஜூர் என்ற வதிவிட அட்டைக்கும் எடுக்கும் படத்தில் சிரித்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சிரிக்காதேங்கோ. ஒரேயொரு மகள் அவருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீல வானத் திரைக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். அவள் வாயில் முதலில் படிந்த தமிழ் அந்த இரண்டு சொற்கள்தான் என்று அவருடைய மனைவி சொல்வா. பொம்மைகளையெல்லாம் வரிசையாக வைத்து, அசையாதேங்கோ, சிரிக்காதேங்கோ என்று அதட்டுவாளாம்.

கடையில் ஒரு மண்ணிறக் கோட் தொங்கியது. அவருடையதில்லை, யாரோ விட்டுப்போனது. வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புதிதாக வந்த பொடியன்கள் ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க வருவார்கள். சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு நேரே வந்திருப்பார்கள். விரல் நுனி வெளிறி ஊறியிருக்கும். ஈபிள் கோபுரத் திரைதான் வேண்டும் என்பார்கள். அவர் கோட்டைப் போட்டுவிட்டு, கையைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, கோபுரத்தை மறைக்கிற அளவுக்குக் கிட்டப் போய் எடுப்பார். கோபுரம் தெரியவில்லையே என்று ஒருவன் குறைப்பட்டபோது, கொம்மா கோபுரத்தைப் பாக்கமாட்டா, கன்னத்தைத்தான் பாப்பா என்றார். அந்தக் கோட் எத்தனை வீட்டுச் சுவர்களில் எத்தனை பிள்ளைகளின் மேல் தொங்குகிறது என்று கணக்கிட முயன்றிருக்கிறேன். நாற்பதுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

குடும்பப் படம் எடுத்தால் தலைகளை எண்ணுவது என் வேலையாகிவிட்டது. யாரும் கேட்காமலே நானாக எடுத்துக்கொண்ட வேலை. பெரியவர்கள் ஒன்று. கைக்குழந்தை அரை என்பது அவர் வைத்த கணக்கு. எட்டரைப் பேர், பதினொன்றரைப் பேர் என்று எழுதிவைப்போம். ஒருநாள் ஒரு இளம் சோடி வந்தது. பெண்ணுக்கு வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும். நான் வழக்கம்போல இரண்டு பேர் என்றேன்.

"ரெண்டேகால், அண்ணை" என்றார் அவர்.

"பிள்ளைக்கு அரை எண்டுதானே சொன்னனீர். இதென்ன புதுசாய்க் கால்?"

"ஆள் இருக்கிறார். முகந்தான் இன்னும் தெரியேல்லை. அதுக்குக் கால்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். எனக்குக் கால் கணக்கு பிடிக்கவில்லை. கூட்டும்போது சிரமம். ஆனாலும் அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் எண்ணினேன்.

இந்தக் கொள்கையால் அவர் இழந்த வேலைகளும் உண்டு. வீடு விற்கும் தரகர் ஒருவர் ஒபர்வில்லியேயில் ஒரு வீட்டைப் படம் எடுக்கச் சொன்னார். வெறும் வீடு. மூன்று அறை, குசினி, குளியலறை. அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்குத்தான் என்று நினைத்தேன். கூடத்தில் என்னைச் சன்னலோரம் நிறுத்தினார். குசினியில் குழாயைத் திறக்கச் சொன்னார். குளியலறையில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். தரகர் படங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். வாங்க வந்த பிரெஞ்சுத் தம்பதி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்களாம்: அந்த முதியவரும் வீட்டோடு வருவாரா? அந்தத் தரகர் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வீடு விற்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குளியலறைப் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நான் அதில் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆவணித் தேரன்றும் அப்படித்தான். எல்லாருடைய கமராவும் தேரை நோக்கி உயரும். அவர் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேங்காய் உடைக்கிறவர்களை எடுப்பார். சாமியை ஆள் மறைக்காமல் எடுக்க விரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைச் சற்று விலகச் சொன்னாள். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. சனமில்லாட்டில் போட்டோ இல்லை மதாம் என்று தமிழும் பிரெஞ்சுமாகச் சொல்லி, அவளையே பிடித்துத் தேருக்கு முன்னால் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

அவருடைய மகளுக்கு மட்டும் அது சிரிப்பாக இருக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழைய கமராவைக் கொடுத்தவர் அவர்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு ஆள் இல்லாத இடம் தேடினாள். லா சப்பலில் ஆள் இல்லாத இடம்! விடிய முதல் எழும்பிப் போவாள். மெத்ரோ பாலத்து இரும்பில் ஒடுங்கி இருக்கும் புறா. கார் து நோர் ரயில் நிலையத்துத் தண்டவாளத்துக்கு இடையில் முளைத்த பூண்டு. தெருக்கழுவிய தண்ணீரில் ஒரு இலை. ஒருநாள் பன்னிரண்டு படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, கடைக் கண்ணாடியில் மாட்டலாமா என்று தகப்பனிடம் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும், அவருடைய கீழுதடு முன்னால் வந்திருந்தது. பிறகு கேட்டார்:

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆள் எங்கை?"

அவள் பன்னிரண்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டாள். இந்தக் கடை முழுக்க ஆள்தானே, எனக்கு மூச்சு முட்டுகிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். அதில் தமிழ்ச் சொல் ஒன்றுதான் இருந்தது: அப்பா.

உயிரியல் படித்தாள். படித்து முடித்ததும் குயானுக்குப் போய்விட்டாள். தென்னமெரிக்காவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரான்சின் ஒரு துண்டு அது. முக்கால்வாசிக்கு மேல் காடு. அங்கே மிருகங்களைக் கணக்கெடுக்கும் வேலை. எண்ணுகிற வேலை என்று கேள்விப்பட்டதும் எனக்கு அவள்மேல் தனிப் பிடிப்பு உண்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் வீடியோ அழைப்பு எடுப்பாள். முதல் இரண்டு மூன்று முறை முகம் தெரிந்தது. தாய்க்காரி பார்த்தவுடன், மெலிஞ்சிட்டாய், கறுத்திட்டாய், இப்பிடிப் போனால் ஆர் கட்டுவான் என்று தொடங்கி அழுகையில் முடித்தா. நாலாவது முறையிலிருந்து அவள் கமராவை மறுபக்கம் திருப்பிவிட்டாள். குரல் அவளுடையது, படம் மரத்தினுடையது. முகத்தைக் காட்டடி பிள்ளை என்று தாய் கெஞ்ச, இஞ்சை பாருங்கோ அம்மா, குரங்கு என்பாள். அனுப்பும் படங்களும் அப்படியே. தவளை, வேர், மழை. இரண்டு வருடமாக அந்த வீட்டில் மகளின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நாற்பது வருடமாக ஊரார் பிள்ளைகளின் கன்னத்தை ஊராரின் தாய்மாருக்கு எடுத்து அனுப்பிய மனிசனுடைய வீட்டில்.

அப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தபோது முகம் அரை வெளிச்சமும் அரை இருட்டுமாக இருந்தது. மகள் ரெலிபோனில் புதிதாக ஒன்று சொன்னாளாம். இப்போது அவள் தத்தூ படம் எடுக்கிறாளாம்.

பாரிசில் இளசுகள் பச்சை குத்துவதைத் தத்தூ என்றுதான் சொல்கிறார்கள். லா சப்பல் மெத்ரோவுக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயர்ப்பலகையோடு ஒரு கடை இருக்கிறது. அதனால் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

"பச்சை குத்தின ஆக்களைப் படம் எடுக்கிறாளாம், அண்ணை."

"காட்டுக்குள்ளை பச்சை குத்தின ஆக்களோ? ஆபத்தான ஆக்களாய் இருக்கப்போகுது."

"இருக்கட்டும். ஆள்தானே."

அன்று மாலைக்குள் நகைக்கடை, மரக்கறிக்கடை, தேத்தண்ணிக் கடை எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது: மகள் ஆட்களைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். அவர் ஒரு வாரம் உதட்டுக்குள் பாட்டு வைத்துக்கொண்டு வேலை செய்தார். நான்தான் கவலைப்பட்டேன். பச்சை குத்தினவர்களில் பாதிப் பேராவது சிறைக்குப் போனவர்கள் என்பது என் எண்ணம்.

பிறகு படம் வந்தது. அவர் ரெலிபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரமான இலைச்சருகு. அதற்குமேல் ஒரு மிருகம். பன்றிக்குட்டி மூஞ்சி, கழுதைக் காது, முதுகு முழுக்கச் சட்டிபோல ஓடு, ஓட்டின் நடுவில் வளையம் வளையமாக மடிப்பு.

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து மூலைமுடுக்கெல்லாம் தேடினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், இந்த மிருகத்துக்கோ பச்சை குத்தியிருக்கு?

நான் வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். தத்தூ என்றே ஒரு மிருகம் இருக்கிறது. நம்முடைய அழுங்கு, அதுதான் எறும்புதின்னி, அது மாதிரி, ஆனால் அழுங்கு இல்லை. உலகத்தின் அந்தப் பக்கத்தில் மட்டும் உள்ளது. எறும்பும் புழுவும் தின்னும். முதுகில் ஒன்பது வளையம் என்று போட்டிருந்தது. படத்தில் எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான். அதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பூட்டும்போது, நான் போய் எடுக்கப்போறன் அண்ணை என்றார்.

"எதை? உந்த மிருகத்தையோ?"

"மகளை."

மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க ஏலாது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவர் எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு வருவார், ஒண்டும் துலையாது என்று என்னைச் சேர்த்துவிட்டவ அவதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் அங்கே விடமாட்டார்கள் என்றார்கள். டொக்டர் என் வயதைக் கேட்டுச் சற்று யோசித்த பிறகுதான் ஊசியை எடுத்தார். அந்த யோசனை எனக்கு இன்றும் நெஞ்சுக்குள் இருக்கிறது. புறப்படும்போது மனைவி வாசலில் நின்று அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று. முழு உருவம் வேண்டாம். முகம் காணும், அது போதும்.

ஒன்பது மணித்தியாலம் பறந்து குயானின் தலைநகர் கயேனில் இறங்கினோம். வெக்கை. பொலிஸ்காரர், தபால்பெட்டி, பாண்கடை எல்லாம் பாரிசில் உள்ளதுபோலவே. இவ்வளவு தூரம் பறந்தும் பிரான்சை விட்டு வெளியாலை போகேல்லையே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். மகள் காரோடு வந்திருந்தாள். தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். என்னை மாமா என்று கூப்பிட்டு என் பையை வாங்கினாள். மெலிந்துதான் இருந்தாள், கறுத்துத்தான் இருந்தாள். நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் கமராவைக் கையில் எடுத்தார். அவள் தொப்பியை இறக்கிக்கொண்டாள்.

நாலு நாள் இப்படியே போனது. சாப்பாட்டு மேசையில், கடற்கரையில், சந்தையில், அவர் கமராவைத் தூக்கினால் அவள் கை, தொப்பி, முதுகு. கோபமாக இல்லை, ஈயை விரட்டுவதுபோலப் பழக்கமாக. உன்ரை அம்மா கேட்டவ என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். தெரியும், அதனாலைதான் என்றாள் அவள். அடுத்த நாள் எங்களுக்குத் திரும்பும் விமானம். அன்று மத்தியானம் மழை விட்டதும், வாங்கோ, தத்தூ காட்டுறன் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

நகரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு காட்டுப் பாதை. செம்மண் வழுக்கியது. இரண்டு தரம் விழப்பார்த்தேன். வழக்கமாக இருட்டில் வருகிற பிராணியாம். மழை விட்ட மத்தியானங்களில் ஒன்று மட்டும் இந்த இடத்துக்கு வருவதை ஒரு கிழமையாக அவள் கவனித்திருக்கிறாள். கண் சரியாகத் தெரியாது, மூக்குத்தான் எல்லாம் என்றாள். பேசக்கூடாது. அசையக்கூடாது. வாசம் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத் தகப்பனை முகர்ந்து பார்த்து, திரும்பிக் காருக்குக் கூட்டிப்போய், தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துக் கழுத்தையும் கையையும் கழுவவைத்தாள். கொலோன் போட்டிருந்தார்.

ஒரு மரவேரின் அடியில் வளை இருந்தது. அவள் எதிரே நிலத்தோடு படுத்துக்கொண்டாள். எங்களைப் பக்கவாட்டில் நிறுத்தினாள். அவர் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். இவ்வளவு பச்சையும் ஆளில்லாமல் கிடக்குது என்று என் காதுக்குள் சொன்னார், யாரோ விளக்கை நிறுத்தாமல் போய்விட்டதுபோல. பிறகு அவருடைய குணம் அவரை விடவில்லை. மகளைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"பிள்ளை, நீ அந்த வளைக்குப் பக்கத்திலை போய் இரு. அது வரட்டும். ரெண்டும் ஒண்டாய் விழட்டும்."

"நோ, பப்பா."

அவளுடைய தாடை இறுகியது. அவருடைய தாடையும் அப்படித்தான் இறுகும். நான் இரண்டு தாடைகளையும் பார்த்துக்கொண்டு, நாளைக்கு வெறுங்கையோடு அந்தத் தாய் முன்னால் போய் நிற்கப்போகிறோம் என்று நினைத்தேன்.

காத்திருந்தோம். அவருக்குப் பசி தாங்காது. லா சப்பலில் வாங்கிய மிக்சர் ஒரு பை அவருடைய பொக்கற்றில் இருந்தது. மகள் பார்க்காத நேரம் ஒவ்வொரு பிடியாக வாய்க்குள் போட்டார். பாதி வாய்க்குள், பாதி சப்பாத்துக்குமேல். கச்சான் கடலை ஒன்று உருண்டு விழுவதைக்கூட நான் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன். பேசக்கூடாது என்றது நினைவு வந்தது.

சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. கீழே பார்த்தேன். சப்பாத்துக்குமேல் எறும்பு. வரிசை வரிசையாக ஏறி, மிக்சரை எடுக்கிறவை எடுக்க, மற்றவை காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் எண்ண முயலவில்லை என்பதிலிருந்து என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அவர் காலைத் தூக்கப் போனார். அந்த நேரம் வளைக்குள்ளிருந்து ஒரு மூஞ்சி வந்தது.

பிறகு காது. பிறகு ஓடு. அது எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. சருகைக் கிளறி, மூக்கை மண்ணில் உழுதுகொண்டு வந்தது. நின்றது. மூக்கைத் தூக்கியது. நேரே அவரை நோக்கித் திரும்பியது. அவர் கால் காற்றில் அரைவாசி எழும்பியிருந்தது.

படுத்திருந்த இடத்திலிருந்து மகளின் குரல் வந்தது. இரகசியமாக, ஆனால் கடைத் திரைக்குப் பின்னால் இருந்து வருவதுபோல.

"அசையாதேங்கோ, அப்பா."

அவர் காலை மெல்ல வைத்தார்.

"சிரிக்காதேங்கோ."

அவர் சிரிக்கவில்லை. எறும்பு கடிப்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. கண்ணில் நீர் திரண்டது. அசையவில்லை. அந்தத் தத்தூ வந்து, முன்காலிரண்டையும் அவருடைய சப்பாத்தில் வைத்து, நாக்கை நீட்டி எறும்புகளை நக்கித் தின்னத் தொடங்கியது. வேகமாக, கடைசிக் கஞ்சி குடிக்கிறவன் மாதிரி. மகளின் கமரா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தது. நான் முதுகு வளையத்தை எண்ணினேன். எட்டு. நிச்சயமாக எட்டு.

அவள் கமராவை முகத்திலிருந்து இறக்கினாள். தொப்பி எப்போதோ விழுந்திருந்தது. நெற்றியில் சேறு. தகப்பனுடைய கண்ணீரையும் அவருடைய சப்பாத்துக்குமேல் விருந்து உண்ணும் பிராணியையும் ஒன்றாகப் பார்த்துச் சத்தம் வராமல், பல் முழுக்கத் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவருடைய கமரா வயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. விரல் மட்டும் அசைந்தது.

அந்தப் பழைய கமராவுக்குச் சத்தம் அதிகம். தத்தூ நின்ற இடத்திலிருந்து நேரே மேலே, முழங்கால் உயரத்துக்கு எகிறி விழுந்து, சருகுக்குள் ஒரு கோடாக ஓடி மறைந்தது. அதன் பிறகுதான் அவர் கத்தினார்.

அவள் ஓடிவந்து முழங்காலிட்டு இருந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், கையால் எறும்புகளைத் தட்டினாள். கணுக்கால் தடித்துச் சிவந்திருந்தது. மிக்சரோ கொண்டந்தனீங்கள் என்று திட்டினாள். தத்தூவைக் கலைத்துவிட்டதற்கும் திட்டினாள். பிறகு, அவருடைய வெறுங்கால் தன் மடியில் இருக்க, கமராவை வாங்கி அதன் சின்னத் திரையைப் பார்த்தாள். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முகம் நடுவில் இருந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அனுப்பவோ?" என்று கேட்டார் அவர். அவர் யாரிடமும் படத்துக்கு அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மா மெலிஞ்சிட்டாய் எண்டுவா."

"எண்டுவா."

"கறுத்திட்டாய் எண்டுவா."

"எண்டுவா. பிறகு திரும்பத் திரும்பப் பாப்பா."

அவள் அவருடைய காலுறையை உதறி, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்து, எறும்பு இல்லை என்று நிச்சயித்து, அவருக்குப் போட்டுவிட்டாள்.

"அனுப்புங்கோ" என்றாள்.

திரும்பும்போது காரில் தன்னுடைய படத்தையும் காட்டினாள். ஓடு, மூஞ்சி, நீண்ட நாக்கு, எல்லாம் துலக்கமாக. இடது ஓரத்தில் அவருடைய சப்பாத்தும் மடித்துவிட்ட காற்சட்டையின் கீழ்ப்பாகமும். இதை வெட்டிவிட்டால் நல்ல படம், கண்காட்சிக்கு வைக்கலாம் என்றாள் பிரெஞ்சில். அவருக்கு அது விளங்கியதா தெரியவில்லை. சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு காலைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

கண்காட்சி அடுத்த வருடம் ஒபர்வில்லியேயில், ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அவள் விடுமுறையில் வந்திருந்தாள். அவருடைய மனைவி முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்தா. அந்தச் சாய்ந்த படத்தை ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து, மெலிந்ததையும் கறுத்ததையும் சொல்லிச் சொல்லி, சொல்லிக் களைத்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வேறு கதைகள் கதைத்தா. கமரா முகத்தின் பக்கமே இருந்தது.

நான் வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். மொத்தம் இருபத்தாறு படம். தவளையில் ஆள் இல்லை. மழையில் ஆள் இல்லை. குரங்கில், வேரில், ஆற்றில் ஆள் இல்லை. அவர் எனக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கீழுதடு முன்னால் வந்திருந்தது. கடைசிச் சுவரில், தனியாக, பெரிதாக, தத்தூ.

சப்பாத்து இருந்தது. வெட்டவில்லை. கீழே ஒட்டியிருந்த சின்ன அட்டையில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை நான் அவருக்கு வாசித்துச் சொன்னேன்: ஒரு தத்தூவும் என் அப்பாவும்.

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கால் ஆள் இருக்கு" என்றார்.

"காணுமோ, அப்பா?"

"காணும்."

பிறகு கழுத்தில் தொங்கிய கமராவைக் கையில் எடுத்தார். மனைவியைப் படத்துக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். மகளை அந்தப் பக்கம். அவள் தொப்பி தேடவில்லை. தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. மண்டபத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"எத்தினை, அண்ணை?"

"ரெண்டேகால்" என்றேன்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அவர் போய் இது இரண்டாவது மாரி. துக்கம் விசாரிக்க வந்தவர்களும், பிறகு சும்மா வந்து போகிறவர்களும் அதைப் பார்த்து, தாயும் மகளும் வடிவாய் நிக்கினம், ரெண்டு பேரும் நல்ல சிரிப்பு என்கிறார்கள். நான் அங்கே இருந்தால் எழுந்து போய்த் திருத்துகிறேன். இரண்டு இல்லை, இரண்டேகால். ஆள் இருக்கிறார். முகந்தான் தெரியவில்லை.